சுண்ணாம்புப் பாறைக்கும் மொட்டைப் பனைக்கும் நடுவில்

கண்ணு, இதைப் படித்து முடிக்கும்வரை போனை எடுத்து என்னைக் கூப்பிடாதே. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், நம் இரண்டு பேருக்கும் அதுதான் வழக்கம். அதனால்தான் தாளை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் என் தமிழ் தானாகவே வேட்டியை இறக்கிக் கட்டிக்கொள்கிறது, சிரிக்காதே. சொல்ல வந்தது இதுதான். பொங்கலுக்கு வந்து நீ டீசல் லைன் முழுவதையும் மாற்றிக் கொடுத்த பிறகும் நம் படகு அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஏன் என்று போன வாரம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு, இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு ஆழத் தண்ணீரில் போக நான் இன்னும் தகுந்தவன்தானா என்ற கேள்வி வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆவணியில் இந்த வீட்டுக்கு வரப்போகிற பெண்ணும் இதைப் படிக்கட்டும். ராசிபுரத்தில் பிறந்த பிள்ளைக்கு மேட்டூர் அணையின் பின்புறம் எப்படித் தெரியும்? இங்கே தண்ணீர் வற்றினால் காடு, ஏறினால் டேம். பங்குனி, சித்திரையில் நீர் இறங்கி ஈர மண் வெளியே வந்ததும் ஆளுக்கு ஒரு துண்டை உழுது எள்ளும் வெள்ளரியும் போடுவோம். ஆடியில் தண்ணீர் ஏறிவிட்டால் அதே காட்டின் மேல் படகு போகும். உன் அம்மாவின் காடு அப்படிப்பட்டது. அதன் ஒரு மூலையில் தலை முறிந்த பனை ஒன்று. எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் அந்த மொட்டைப் பனையின் உச்சி மட்டும் வெளியே நிற்கும், அதில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருக்கும். பனைக்கு நல்ல தூரம் முன்னால், துறையிலிருந்து வருகிற வழியில், சுண்ணாம்புப் பாறை. அக்கரைக்குப் போகிற நம் படகு இந்த இரண்டையும் கடந்துதான் போக வேண்டும்.

படகின் நிறுத்துக்கம்பி நீ பிறப்பதற்கு முன்பே உடைந்துபோனது. என்ஜினை நிறுத்த வேண்டுமென்றால் டேங்குக்கு அடியில் இருக்கும் டீசல் வால்வை மூடுவேன். மூடியதும் நிற்காது. குழாயிலும் பில்டரிலும் மிச்சமிருக்கிற டீசல் தீர்கிறவரை ஓடி, பிறகுதான் அடங்கும். அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. தண்ணீர் பாதியில் இருக்கும் மாதங்களில் படகு உன் அம்மாவின் காட்டு ஓரமாகவே போகும். சுண்ணாம்புப் பாறையில் வால்வை மூடினால் சரியாகப் பனைக்கு நேரே என்ஜின் ஓயும். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து மடியிலிருந்து வெள்ளரிப் பிஞ்சுகளை எடுத்து நீட்டுவாள். படகில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கடைசியில்தான். "ஓட்டறவிய வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க, தின்னுபோட்டு எங்காச்சும் மோதிறாதீங்க" என்று ஒரு ஏச்சும் கூடவே வரும். எத்தனை வருடம் அப்படி நிறுத்தியிருப்பேன்!

அவள் போன நாளில் நான் நிறுத்தாமல் போய்விட்டேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நீ நம்பாதே. நிறுத்தினேன். பிஞ்சும் கொடுத்தாள், ஏச்சும் கொடுத்தாள். திரும்பி வரும்போது எள்ளுச் செடிகளுக்கு நடுவே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். களைக்கொத்து கையில் இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். மேட்டில் அடக்கம் செய்தோம். பிறகு தண்ணீர் ஏறியது, எள் அறுக்காமலே முழுகியது, படகு நேராக அந்தக் காட்டின் மேலே போக ஆரம்பித்தது. அப்போதிலிருந்துதான் என்ஜின் அங்கே நிற்கத் தொடங்கியது.

என்ஜின் நின்ற படகில் இருந்திருக்கிறாயா என்று உன்னைக் கேட்க வேண்டியதில்லை, கொச்சியில் படகு என்ஜின் பழுது பார்ப்பதுதான் உன் பிழைப்பே. ஆனால் அந்த இடத்தில் நிற்பது வேறு மாதிரி. டப டப என்ற சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்த சனம் சட்டென்று வாயை மூடும். பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். மூக்கில் டீசல் வாடை, அதற்குள்ளே மெல்லியதாக எள்ளுப் பூ வாடை. என் மூக்கின் கோளாறு என்றுதான் நினைத்தேன். மீன் கூடைக்காரி ராசம்மா ஒருநாள், "ஏனுங், எள்ளு மணக்குதுங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். கீழே ஆள் உயரம் பல மடங்கு தண்ணீர். எள்ளு எங்கே இருக்கிறது?

சனம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும். டிக்கெட் வாங்குகிற உன் மாமன் மாரப்பன் எழுந்து, என் முழங்காலருகே டேங்குக்குக் குனிந்து ஏதோ செய்வான். பில்டர் திருகைத் தளர்த்தி, குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுப்பான். படகு மறுபடி கிளம்பும். அதைக் கேட்டுத்தான் நீ லீவு போட்டுவிட்டு வந்தாய்.

பழைய பச்சை ட்யூபை நீ பிடுங்கிப் போட்டபோது அது வளையாமல் குச்சியாக விழுந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ட்யூப். வெடித்த இடங்களில் சைக்கிள் ட்யூபை அறுத்துச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தேன். நீ அதைக் காலால் தள்ளிவிட்டாய்.

"என்னப்பா இது?"

"ட்யூப்பு. பின்ன என்ன, பாம்பா?"

"லாரிக்குக்கூட இப்பிடிப் போட மாட்டாங்கப்பா."

"நாமக்கல்ல ஒரு லாரிக்காரன் போட்டிருந்ததைப் பாத்துத்தான்டா நானே போட்டேன்."

"லாரி நின்னா ரோட்டுல நிக்கும். படகு நின்னா நிக்காது. அதுபாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்" என்றாய். அப்போது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை, பீடியைப் பற்றவைக்கப் போனேன். டீசல் டேங்கைத் திறந்து வைத்திருக்கும்போது பீடியா என்று அதற்கும் ஒரு வசவு வாங்கினேன்.

நீ செய்த வேலையை மனம் கொள்ளாத பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன். டேங்கின் அடிச்சேற்றை வழித்தாய். டீசலுக்கென்றே செய்த கறுப்பு ரப்பர் குழாயை பிளேடால் நேராக நறுக்கினாய், சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் உட்காராது என்றாய். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப். புகைக்குழாயின் சூடு படாமல் ஒதுக்கி, பலகைத் துளையில் உரசாமல் ரப்பர் வளையம் வைத்து, தொங்காமல் இடைவெளி விட்டு கிளிப் அடித்தாய். வழியில் எங்கேயும் மேடு இருக்கக் கூடாது, மேட்டில் காற்று குந்திக்கொள்ளும் என்றாய். பில்டரின் தலையில் இருக்கிற அம்புக்குறி என்ஜினைப் பார்த்து இருக்கிறதா என்று என்னையும் பார்க்கச் சொன்னாய். அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த பில்டர். டீசலோடு தண்ணீர் வந்தால் கிண்ணத்தில் தங்கும், திருகைத் திறந்து வடித்துவிடலாம். நிறுத்துக்கம்பியையும் பற்றவைத்துக் கொடுத்தாய். "இனிமே வால்வை மூடி நிறுத்தாதீங்க. தீப்புடிச்சாலோ லைன் உருவிக்கிட்டாலோ மட்டும் மூடுங்க" என்று சொல்லி, புது வால்வை என் இடது கைக்கு எட்டும்படி வைத்தாய். அவசரத்துக்கு எட்ட வேண்டும் என்பது உன் தொழில் பாடம். அதில் ஒரு தப்பும் இல்லை.

ஓட்டிப் பார்த்த அன்று நீதான் பின்னால் சுக்கானில் உட்கார்ந்தாய். நான் முன் பலகையில். பாறை போனது, பனை போனது, என்ஜின் இருமக்கூட இல்லை. "பாத்தீங்களா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எதையோ தொலைத்த மாதிரி இருந்தது. உனக்கு அது தெரியாது.

நீ கொச்சிக்குப் போன மறுநாள் படகு நின்றது. பனையிடம் இல்லை. பாறையைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே, பனைக்கு வெகு முன்னால். இத்தனை காலம் ஒரே இடத்தில் நின்றது, இப்போது எதிரில் வந்து நின்றது. சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ராசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அக்கா எதுக்கால வந்திருச்சுங்" என்றாள். அடுத்த நாளும் அங்கேதான். அதற்கடுத்த நாளும் அங்கேதான். தண்ணீருக்கு அடியில் பனையிலிருந்து பாறைப் பக்கம் ஒருத்தி நடந்து வந்து காத்திருக்கிறாள் என்று நான் நம்ப ஆரம்பித்தேன். வேண்டாம், மழுப்பவில்லை, முழுசாகவே நம்பினேன்.

உனக்குப் போன் செய்தது அப்போதுதான். கிண்ணத்தைப் பாருங்கள் என்றாய், சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்றுத் திருகைத் தளர்த்தச் சொன்னாய், குமிழ் ஒன்றுகூட வரவில்லை, சுத்தமான டீசல்தான் வழிந்தது. பில்டரைக் கழற்றச் சொன்னாய், அதுவும் புதிதாகவே இருந்தது. "காத்தும் இல்ல, தண்ணியும் இல்ல, அழுக்கும் இல்லைன்னா டீசலே வரலைன்னு அர்த்தம்ப்பா. வால்வு தொறந்திருக்குதா?" என்று கேட்டாய். பார்த்தேன். திறந்துதான் இருந்தது. "தொறந்துதான்டா இருக்குது, நான் என்ன கூமுட்டையா?" என்று கத்திவிட்டு வைத்தேன். நான் பார்த்தது, மாரப்பன் குனிந்து எழுந்ததற்குப் பிறகு.

பயந்தேன் என்று நினைக்காதே. பயமே இல்லை, சந்தோஷமாக இருந்தது. காலையில் தலைவாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன். நின்ற அந்த நேரத்தில் மனசுக்குள் அவளிடம் உன் கல்யாணப் பேச்சு, பந்தல்காரன் தகராறு, எல்லாம் சொன்னேன். உன் கல்யாண நகைக்கு அவளுடைய அட்டிகையை அழிக்கலாமா என்றுகூட அங்கேதான் கேட்டேன். பதில் வந்ததா என்று கேட்காதே.

போன வாரம் ஆடிக் காற்று. கிளம்பவே கூடாத நாள், ஆனால் அக்கரையில் ஒரு வளைகாப்பு, வயிற்றுப் பிள்ளைக்காரியும் அவளுடைய சொந்தங்களும் துறையில் நின்றார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொல்லி ஏற்றிக்கொண்டேன். பாறையைத் தாண்டினோம், என்ஜின் ஓய்ந்தது. நீ சொன்னது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. படகு நிற்கவில்லை. காற்று அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பாறையை நோக்கித் தள்ளிக்கொண்டே போனது. அலை உள்ளே தெறித்தது, சீர்த்தட்டு உருண்டது, பெண்கள் அலறினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் என்னையே பார்த்தாள். நான் அசையவில்லை. உன் அம்மா பிடித்து வைத்திருக்கிறாள், விடுவாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

மாரப்பன் ஆட்களைத் தாண்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். டேங்குக்குக் குனிந்தான், டீசல் ஏற்றுகிற கைப்பம்பை அடித்தான், கைப்பிடியைச் சுற்றி என்ஜினைக் கிளப்பினான். பாறைக்கு ஒரு துடுப்பு நீளத்தில் படகு திரும்பியது. பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"மாமா, காத்தடிக்கிற நாள்ல வேண்டாமுங்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் அக்காவை உட்டுட்டுப் போயிருக்கலாமுங்க."

"என்றா சொல்றே?"

அவன் என் இடது கையைப் பார்த்தான். ராசம்மா பார்த்தாள். படகே பார்த்தது. என் கை வால்வின் பிடிமேல் இருந்தது.

அக்கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு மாரப்பனை உட்கார வைத்துக் கேட்டேன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க தெரிஞ்சேதான் மூடறீங்கன்னு நெனச்சேனுங்க மாமா. பாறைகிட்ட வந்தா மூடுவீங்க, நின்னதும் நான் தொறந்து உடுவேன். அக்காவுக்கு ஒரு நிமிசம் குடுக்கறீங்கன்னு நாங்க யாரும் ஒண்ணுங் கேட்கலைங்க." கூடையைத் தலையில் ஏற்றாமல் நின்றிருந்த ராசம்மாவும் சொன்னாள்: "நீங்க வால்வை மூடுவீங்க, நாங்க கண்ணை மூடிக் கும்புடுவோமுங்க. ஊருக்கே தெரியுமுங்க."

ஊருக்கே தெரியும், கண்ணு. எனக்கு மட்டும் தெரியாது. எதிரில் நடந்து வந்த உன் அம்மாவும் உன் புதுக் குழாய்தான். பழைய ட்யூபின் வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, வால்வை மூடினாலும் பில்டரில் இருந்த டீசல் இறங்கிக்கொண்டே இருக்கும், பனைவரைக்கும் ஓடும். நீ போட்ட குழாயில் காற்று புகாது. மூடினால் மூடியதுதான், சீக்கிரமே அடங்கிவிடும். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன், தப்பென்றால் திருத்து. யோசிக்கிற மூளை நன்றாகத்தான் இருக்கிறது. மூடுகிற கைதான் என்னைக் கேட்பதில்லை.

பேய் என்றால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அதற்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத் தூங்கியிருப்பேன். அன்று முதல் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோறு பிசைகிறது, சட்டைப் பொத்தான் போடுகிறது, எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன செய்கிறதோ. வீட்டுப் பூட்டின் சாவி அரிசிப் பானைக்குள் கிடந்ததற்குப் பூனையைத் திட்டினேன். காலையில் பார்த்தால் வாசலில் இரண்டு டம்ளர் டீ ஆறிப்போய் இருக்கிறது. நான் ஒன்றுதான் போட்டேன் என்று சத்தியம் செய்வேன். அந்தச் சத்தியத்துக்கு இனி என்ன மதிப்பு?

அதனால் சுக்கானை மாரப்பனிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது உன் அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு வேலையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது, அழுதேன். நீ வந்ததும் என்னைச் சேலத்துக்கு ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அடம் பிடிக்க மாட்டேன். மாரப்பனுக்கு பில்டர் மாற்றுவதையும் கிண்ணம் வடிப்பதையும் பொறுமையாகச் சொல்லிக் கொடு, அவன் என்னைவிட மந்தம், ஆனால் கை அவன் சொன்னபடி கேட்கிறது. வால்வை இடம் மாற்ற வேண்டாம், அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. இடம் மாற வேண்டியது நான்தான், மாறிவிட்டேன். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் இதையெல்லாம் மறைக்காதே. இப்படி ஒரு மாமனார் என்று தெரிந்தே வரட்டும்.

இன்று காலை முதல் முறையாகச் சீட்டு வாங்கிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். முன் பலகையில், நீ ஓட்டிய அன்று உட்கார்ந்த அதே இடத்தில், பக்கத்தில் ராசம்மாவின் கூடை. காற்று இல்லை. இடது கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சாமி, அசையாதே என்று அதற்குச் சொல்லிக்கொண்டே போனேன். சுண்ணாம்புப் பாறை வந்தது. ஒரு கணம், நீர்க்காகம் இருக்கிறதா என்று பனையின் பக்கம் பார்த்தேன். அவ்வளவுதான். ராசம்மா என் காதோரம் குனிந்து, "மூடிட்டீங்கங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். என் விரல்கள் இல்லாத ஒரு பிடியை இறுகப் பிடித்து, முழுசாகத் திருப்பி முடித்திருந்தன.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம்வரை நின்ற இடம் வந்தது, ஓடியது. பனை வந்தது, ஓடியது. சனம் வழக்கம்போலத் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டது. நான் மூடவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே, நானாக, தெரிந்தே, அந்தப் பிடியை மெதுவாக மறுபக்கம் திருப்பித் திறந்துவிட்டேன். படகு உன் அம்மாவின் காட்டைக் கடந்து போனது. எள்ளு மணத்தது.

இனி நீ கூப்பிடலாம். கத்தாமல் பேசு.